துடுப்பு வலிக்கும் கையும் போர் தண்ணீரும்

ஒகேனக்கல்லில் பரிசல்காரர் துடுப்பு வலிக்கும் ஒவ்வொரு முறையும், மூளையிலிருந்து கிளம்பிய மின்துடிப்பு நரம்பின் நுனியோடு நின்றுவிடுகிறது. நரம்புக்கும் தசைக்கும் நடுவே சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி. அதை மின்சாரம் தாண்டுவதில்லை. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் தாண்டுகிறது. அதைத் திறந்துவிடுவது கால்சியம் அயனி.

நுனிக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே கால்சியம் சுமார் 10,000 மடங்கு அதிகம். துடிப்பு வந்ததும் வாயில்கள் திறக்க, இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியம் உள்ளே பாயும். அசிட்டைல்கோலினை அடைத்து வைத்திருக்கும் நுண்பைகள் சவ்வோடு சேர்ந்து திறந்துகொள்ளும். தவளைத் தசையில் இந்தச் செயலை ஆராய்ந்த பெர்னார்ட் காட்ஸ் 1970-இல் நோபல் பரிசு பெற்றார். மெக்னீசியத்துக்கும் அதே மின்னூட்டம்தான்; ஆனால் அது கால்சியத்தின் வழியை மறிக்கும். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்ட கர்ப்பிணியின் முழங்காலைத் தட்டிப் பார்ப்பது இதனால்தான். கால் உதறாவிட்டால் அடுத்த ஊசி நிறுத்தப்படும். மூச்சு தளர்ந்தால் கால்சியம் குளுக்கோனேட் ஏற்றுவார்கள்.

ஒகேனக்கல் இருக்கும் தருமபுரி மாவட்டத்தில் இன்னொரு அயனியையும் பார்க்க வேண்டும். பாறையிலிருந்து போர் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீரில், கரையும் ஃப்ளோரைடு எதிர்மின்னூட்டம் கொண்டது, கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒரேயடியாக நிறைய உள்ளே போனால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து விரல்கள் முறுக்கிக்கொள்ளும், இதயத் துடிப்பே தடுமாறும். கால்சியம் குறைந்தால் தசை தளரத்தானே வேண்டும்? ஆனால் நரம்பிழையை அடக்கி வைத்திருப்பதும் கால்சியமே. அது குறைந்ததும் நரம்பு தானாகவே துடிக்கத் தொடங்கிவிடுகிறது.

குடிநீரில் அந்த அளவு வராது. அதிலுள்ள ஃப்ளோரைடு ஆண்டுக்கணக்கில் பல்லிலும் எலும்பிலும் படிகிறது. பல்லில் பழுப்புக் கறை, குனிய முடியாத முதுகு. சிலருக்குக் கால் பலமிழப்பது, தடித்த முதுகெலும்பு தண்டுவடத்தை நெரிப்பதால். அதை 'நரம்புத் தளர்ச்சி' என்று டானிக் குடித்துக் காலம் கடத்துவது ஆபத்து; மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு என்பது இந்தியத் தரம்; வேறு நீரே இல்லையென்றால் 1.5 வரை. ஃப்ளோரைடு மிகுந்த போர் தண்ணீருக்கு மாற்றாகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில் மறுபடி போர் தண்ணீரைப் பிடிப்பார்களே என்பதுதான் என் கவலை. காய்ச்சிக் குடித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடத்தான் செய்யும்.