பெட்டியாக வாங்குவதா, பிரித்து வாங்குவதா?



முழுப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் பொருள்களில் இப்போது சைக்கிளை முந்திக்கொண்டு கம்ப்யூட்டர் வந்து நிற்கிறது. அதுவும் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் அன்று. விளையாட்டுகள் தடங்கலின்றி ஓடக்கூடிய ‘கேமிங்’ கம்ப்யூட்டர். பிள்ளை விளையாடலாமா, எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பதை உங்கள் வீட்டில் நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். வாங்குவது என்று முடிவான பிறகு, கடல் கடந்து உழைத்த பணம் வீணாகாதிருக்க வழி என்ன என்பதே என் கவலை.

மதரஸாவில் பாடம் சொல்லும், வரலாறு படித்த ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் அக்காள் மகன் பன்னிரண்டாம் வகுப்பு எழுதி முடித்திருந்தான். குவைத்தில் லாரி ஓட்டும் மச்சான் 50,000 ரூபாய் அனுப்பி, “மாப்பிள்ளை, நீங்கள் கூடப் போய் வாங்கிக் கொடுங்கள். ஏமாந்துவிடக் கூடாது” என்றார். அந்தக் கடைசிச் சொல்தான் என்னைப் படிக்க வைத்தது.

எங்கள் பகுதியில் ஒரு கடையில், ‘ஐ7 ப்ராசஸர், 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு’ என்று எழுதி, கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்குகள் சுழல, 30,000 ரூபாய்க்கும் குறைவாக ஒன்றை வைத்திருந்தார்கள். மீதிப் பணத்தில் மேசை நாற்காலியும் வாங்கிவிடலாமே என்று மகிழ்ந்து பையில் கை விட்டுவிட்டேன். மருமகன் என் முழங்கையைப் பிடித்து, “மாமு, எந்தத் தலைமுறை ஐ7 என்று கேளுங்கள்” என்றான். கடைக்காரர் அதற்குப் பதில் சொல்லவில்லை. விளக்குகளின் நிறத்தை ரிமோட்டால் மாற்றிக் காட்டினார். இவன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான். ஐ7-2600. இண்டெல் நிறுவனம் 2011ஆம் ஆண்டு வெளியிட்டது! 2022இல் வந்த ஐ3-12100 அதைக் காட்டிலும் மிகவும் விரைவானது. உள்ளே இருந்த கார்டோ ஜி.டி.730, அது 2014ஆம் ஆண்டுச் சரக்கு. பெயர்ப்பலகையைப் புதுப்பித்து, பழைய பொருளைப் புதுப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சலாம் சொல்லி வெளியே வந்தோம்.

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் தரம் பிரிக்கும் எண்களேயன்றி, காலத்தைக் கூறுபவை அல்ல. அதனையடுத்து வரும் எண்ணைத்தான் கேட்க வேண்டும். அந்த எண்ணின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்திருந்தால் அந்த ப்ராசஸருக்குள் படம் காட்டும் பகுதி இல்லை. தனியாகக் கார்டு வாங்கினாலன்றித் திரையில் ஒன்றும் தெரியாது.

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரைச் சந்தையில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே அமைத்தது. 1995இல் இண்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறையால், ஒருவர் செய்த மதர்போர்டு மற்றொருவர் செய்த கேபினட்டில் பொருந்துகிறது. ஆகவேதான் ‘பிராண்டட்’, ‘அசெம்பிள்டு’ என்று இரண்டு வழிகள் நமக்கு இருக்கின்றன.

பிராண்டட் பெட்டியில் விண்டோஸ் பெரும்பாலும் முறையான உரிமத்துடன் வரும். பழுதானால் ஒரே இடத்தில் முறையிடலாம். வீட்டில் திருப்புளி பிடிக்க யாருமில்லை, ஊரில் விவரம் தெரிந்தவரும் இல்லை என்றால் அதையே வாங்குங்கள், அதில் வெட்கமில்லை. குறை என்னவெனில், சில பெட்டிகளில் மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அந்த நிறுவனத்தின் தனி அளவில் இருக்கும். நாளை பெரிய கார்டு போட நினைத்தால் இடமும் இருக்காது, மின்சாரமும் போதாது. மதர்போர்டின் கார்டு துளை தருவது 75 வாட் மட்டுமே.

அந்த எஸ்.எம்.பி.எஸ். பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பட்டவன். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் பெட்டி அது. எங்கள் மதரஸா அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, கேபினட்டோடு சேர்ந்தே வந்ததால் அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மழை நாளில் அது கருகியது. தான் போனதோடு மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயிற்று. மூன்றாண்டு மாணவர் பதிவுகளை ரமளான் விடுமுறையில் உட்கார்ந்து மீண்டும் கையால் எழுதினேன். ‘80 பிளஸ்’ முத்திரை, இழுக்கும் மின்சாரத்தில் குறைந்தது நூற்றுக்கு எண்பது பங்கு பயனுக்கு வருகிறது என்பதற்கான சான்று. பாதுகாப்புக்கு அதுவே உத்தரவாதம் ஆகாது. ஆயினும் முத்திரையே இல்லாததை வாங்காதீர்கள். வீட்டு பிளக்கில் எர்த் இணைப்பு இருக்கிறதா என்பதையும் எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

நாங்கள் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றோம். மீரான் சாகிப் தெருவும் நரசிங்கபுரம் தெருவும் அதனை ஒட்டியே உள்ளன. நான்கு கடைகளில் விலை கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டோம். பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன் என்றார் ஒருவர். பில் இல்லாத பொருளுக்கு வாரண்டியை எங்கே போய்க் கேட்பது? பிரித்து வாங்கும்போது ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி வாரண்டி உண்டு. அதனால் பில்களை வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக் காக்க வேண்டியதிருக்கிறது.

மருமகன் தேர்ந்தெடுத்தது ரைசன் 5 5600ஜி. 2021இல் வந்தது, ஆறு கோர்கள். படம் காட்டும் திறன் உள்ளேயே இருப்பதால் கார்டு உடனே வேண்டியதில்லை. 16 ஜி.பி. ராமை ஒரே துண்டாக வாங்காமல் எட்டெட்டாக இரண்டு வாங்கினான். இரண்டு வழியாகவும் தரவு பாய்வதால், இத்தகைய ப்ராசஸரில் விளையாட்டின் வேகம் நன்றாகவே கூடும். திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சியே போதும் என்றான். கார்டுக்கு அடுத்த ஆண்டு.

விண்டோஸை ‘சும்மா’ போட்டுத் தருவதாகவும் ஒரு கடையில் சொன்னார்கள். அது அவருடைய பொருளன்று. நமக்குத் தானம் செய்ய அவருக்கு உரிமையுமில்லை. அதற்கும் பணம் ஒதுக்குங்கள். இயலாதவர்கள் லினக்ஸ் போடலாம். பல விளையாட்டுகள் அதிலும் ஓடுகின்றன, எல்லாமும் அன்று.

பிரித்து வாங்கினால் எப்போதும் மலிவு என்றும் எண்ண வேண்டாம். 2020 முதல் 2022 வரை கிராபிக்ஸ் கார்டுகள் எட்டாத விலைக்குப் போயிருந்தன. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. அத்தகைய வேளைகளில், முன்பே செய்து வைத்த பிராண்டட் பெட்டி மலிவாக அமைந்துவிடுவதுண்டு. வாங்கும் வாரத்தில் இரண்டு விதமாகவும் விலை கேளுங்கள். உறுப்புகளை வாங்கிக் கடையிலேயே பூட்டித் தரச் சொல்வது நடுவழி. பயமிருப்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

மருமகன் கேட்கவில்லை. கூடத்தில் பாய் விரித்து, இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்தான். ப்ராசஸரின் மூலையிலுள்ள பொன் முக்கோணத்தை மதர்போர்டின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தான். அடியிலிருக்கும் ஊசிகள் வளைந்தால் அவ்வளவுதான். இரண்டரை மணி நேரமாயிற்று. சுவிட்சைப் போட்டான். விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது.

அக்காள் ஒன்றும் பேசவில்லை. “அவங்க ரெண்டு பெருநாளாக ஊருக்கு வரலை, தம்பி” என்று மட்டும் என்னிடம் சொன்னார். பையனின் முகம் வெளுத்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்தி, ராம் துண்டுகளை எடுத்து மீண்டும் செருகி, இரு முனைகளிலும் ‘கிளிக்’ என்று ஒலி வரும்வரை அழுத்தினான். ஒன்று முன்பு பாதிதான் இறங்கியிருந்திருக்கிறது.

படம் வந்தபோது இரவு மணி பன்னிரண்டரை. குவைத்தில் பத்து மணி. மச்சான் போனில் பார்த்துக்கொண்டே, “அந்தப் பெட்டியின் மூடியைக் கொஞ்சம் திற, உள்ளே பார்க்கிறேன்” என்றார். பையன் ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுக் காட்டி, பெயர் சொல்லிக்கொண்டிருந்தான்.