இயல்பறிவும் உழைப்பும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார இரயிலில் ஏறியவர்கள் பல்லாவரத்தை அறிவார்கள். 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில், நிலவியல் அறிஞராகிய இராபர்ட் புரூஸ் பூட் என்பவர் அவ்வூரில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மாந்தர் இந்நாட்டில் வாழ்ந்தனர் என்பதற்கு முதற் சான்றாக அறிஞர் போற்றுவது அதனையே. குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லால் ஆகியது அது. எல்லாக் கல்லும் கருவியாகாது. தட்டினால் பொடியாகும் கல்லும் உண்டு. ஆனால் நல்ல கல்லும் தானே கருவியாகிவிடுவதில்லை. யாரோ ஒருவன் அமர்ந்து, இடம் பார்த்துப் பார்த்துச் சில்லுச் சில்லாகப் பெயர்த்த பின்னரே அதற்குக் கூர்மை வாய்த்தது.

வெற்றிக்கு இயல்பறிவு பெரிதா, உழைப்பு பெரிதா என்று பள்ளிதோறும் சொற்போர் நடத்துகின்றோம். அவற்றுள் பலவற்றிற்கு நானும் நடுவராக அமர்ந்து, “இரண்டும் வேண்டும்” என்று தீர்ப்புக் கூறி, மாலையும் பெற்றுக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறேன். அத்தீர்ப்பு தவறன்று, ஆயினும் அதனால் எவர்க்கும் பயன் விளைந்ததாக நான் அறியேன். அதே பல்லாவரத்தில் வாழ்ந்த பெரும்புலவர் ஒருவருடைய வரலாற்றை நோக்கினால், அவ்வினா வேறு வகையாகத் தோன்றுகிறது.

அவர் மறைமலையடிகள். 1876-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள் நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். தந்தையார் இறந்தமையால் நான்காம் படிவத்தோடு, அதாவது இக்காலத்து ஒன்பதாம் வகுப்போடு, அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. நாகையில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமி பிள்ளை என்னும் புலவரிடம் தமிழ் நூல்களைக் கற்றார். பட்டம் ஒன்றும் பெறாத அவ்விளைஞர், 22 வயது நிறையுமுன்பே, 1898-இல், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அங்கே பரிதிமாற் கலைஞரோடு உடன் பணியாற்றினார். வடமொழி கற்றுச் சாகுந்தல நாடகத்தை 1907-இல் தமிழாக்கினார். நான்காம் படிவத்து ஆங்கிலத்தோடு நின்றவர், மறு ஆண்டு ஆங்கிலத்திலேயே ஓர் இதழையும் நடத்தினார்.

1911-இல் கல்லூரிப் பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். அக்காலத்தில் அக்கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-இல் அதுவும் நகரை விட்டு, பல்லாவரத்தையும் கடந்து, தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது. ஆசிரியர் முன்னே வர, கல்லூரி 26 ஆண்டு கழித்துப் பின்னே வந்தது என்று நான் என் மாணவர்களிடம் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

அடிகளைப் “பிறவிப் புலவர்” என்று புகழ்வார் பலர். அப்புகழ்ச்சியில் நமக்கு ஒரு வசதி இருக்கின்றது. அவர் பிறவியிலேயே புலவர் என்றால், அவ்வாறு பிறவாத நாம் நூலை மூடிவைத்து விடலாம் அன்றோ? ஆனால் அவர் செய்த ஒரு செயலை எண்ணிப் பாருங்கள். 1916-இல், தம் நாற்பதாம் வயதில், பிறமொழிச் சொற்கள் கலவாத தமிழில் எழுதுவது என்று உறுதி பூண்டார். வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும், வேதாசலம் மறைமலை ஆனார். அதனோடு நிற்கவில்லை. முன்னரே அச்சாகிப் புலவர் போற்றிய தம் நூல்களையும் மறுபதிப்புகளில் தனித்தமிழாகத் திருத்தினார். ஒரு சொல்லை மாற்றினால் வாக்கியத்தின் நடையே குலையும். குலைந்ததை மீண்டும் கட்ட வேண்டும். எழுதிய கட்டுரையை மறுமுறை எழுதச் சொன்னால் மாணவர் முகம் சுருங்குவதை நான் கண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், புலவர் முகமும் அவ்வாறே சுருங்கும்.

அங்ஙனமாயின் எல்லாம் உழைப்புத்தானா? அவ்வாறு கூறவும் என் மனம் ஒப்பவில்லை. படிப்பு இடையில் நின்ற சிறுவர் நாகையில் எத்தனையோ பேர் இருந்திருப்பர். அவர் எல்லாரும் மறைமலையடிகள் ஆகவில்லை. அவரிடம் ஏதோ ஒன்று இருந்தது. அது கூரிய நினைவாற்றலா என்றால், அஃது உடையார் பலர் ஒப்பித்தலோடு நின்றுவிட்டதை நான் கண்டிருக்கிறேன். சலியாமையே அது என்பது என் கருத்து. 1898 முதல் 1950-இல் மறையும் வரை நாட்குறிப்பு எழுதியதும், ஏறத்தாழ நாலாயிரம் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்ததும் அச்சலியாமையின் செயல்களே. சலியாமை இயல்பா, உழைப்பா? இவ்விடத்தில் சொற்போரின் இரு கட்சிகளும் ஒன்றாகிவிடுகின்றன.

மேலும், சொற்போரில் எவரும் பேசாத மூன்றாவது ஒன்றும் உண்டு. பள்ளியை விட்டு வந்த சிறுவனுக்குத் தமிழ் கற்பித்த அப்புத்தகக் கடைக்காரர் இல்லையெனில், அவனுடைய இயல்பும் உழைப்பும் எங்கே போய்ப் பற்றியிருக்கும்? அடிகள் சேர்த்த நூல்கள் 1958-இல் அவர் பெயரால் சென்னையில் பொது நூலகமாயின. அங்கும் எத்தனையோ ஏழைச் சிறுவர் அமர்ந்து படித்திருப்பர்.

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகட்கு முன், செய்யுளை நான்கு முறை படித்தும் பொருள் கூறத் தடுமாறிய ஒரு மாணவனிடம், “உனக்குத் தமிழ் வாராது, அப்பா” என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். நான்கு முறை படித்தான் என்பதை அன்று நான் கருதிப் பார்க்கவில்லை. அவன் அதன்பின் தமிழை விரும்பிப் படிக்கவில்லை. வேறு துறையில் சென்று நன்றாகவே வாழ்கின்றான். தாம்பரம் நிலையத்தில் என்னைக் கண்டால் இன்றும் கைகூப்பி, “ஐயா, நலமா?” என்று வினவுகிறான். தமிழில் அவன் என்ன செய்திருப்பான் என்பதை அவனும் அறியான், நானும் அறியேன்.