நடக்கவே நடக்காதவற்றின் இயற்பியல்

தானே ஓயாமல் ஓடும் இயந்திரம் கண்டுபிடித்துவிட்டதாக வரும் விண்ணப்பங்களை இனிமேல் பரிசீலிப்பதில்லை என்று பிரான்ஸின் அறிவியல் கழகம் 1775இல் முடிவெடுத்தது. ஆற்றல் அழிவின்மை விதி வடிவம் பெற இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் இருந்தன. இத்தகைய முயற்சிகளால் குடும்பங்கள் நொடித்துப்போனதையும் கழகம் அப்போது சுட்டிக்காட்டியது.

அந்த ‘முடியாது’வையே இயற்பியலின் அடித்தளமாக்கலாம் என்கிறது, ஆக்ஸ்ஃபோர்டில் 2012 முதல் வளர்ந்துவரும் கன்ஸ்ட்ரக்டர் தியரி. இப்போதைய நிலை இது, அடுத்து என்ன நடக்கும்? இயற்பியல் முந்நூறு ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வி இதுதான். புதிய கோட்பாடு வேறு கேள்வி கேட்கிறது. எந்த மாற்றத்தை நிகழ்த்தலாம், எதை எந்தக் கருவியாலும் நிகழ்த்த முடியாது, ஏன்? ஒரு மாற்றத்தை நிகழ்த்திவிட்டு, அதைத் திரும்பவும் நிகழ்த்தும் திறனோடு மிஞ்சுவது எதுவோ அதுவே கன்ஸ்ட்ரக்டர். வினையூக்கி அப்படிப்பட்டது. நம் உடலின் நொதிகளும் அப்படித்தான்.

இதற்கு முன்னோடி உண்டு. 1824இல், 28 வயது பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் ஒருவர் பிஸ்டன், கொதிகலன் விவரங்களை ஒதுக்கிவிட்டு, வெப்பத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்று மட்டும் யோசித்தார். அந்த வழியில் வந்த கணக்குப்படி, 100 டிகிரியில் வெப்பத்தை வாங்கி 30 டிகிரியில் வெளியேற்றும் எஞ்சினின் செயல்திறன், யார் செய்தாலும், எந்த உலோகத்தில் செய்தாலும், 19 சதவீதத்தை எட்டாது.

தடையிலிருந்து தொழில்நுட்பமும் பிறந்திருக்கிறது. முன்பின் தெரியாத குவாண்டம் நிலையை அச்சு அசலாக நகலெடுக்க முடியாது என்று 1982இல் நிறுவினார்கள். இரண்டே ஆண்டுகளில், ஒட்டுக்கேட்பவரைக் காட்டிக்கொடுக்கும் குவாண்டம் ரகசியப் பரிமாற்ற முறை வந்துவிட்டது.

பழைய விதிகளுக்குப் புதுச் சட்டை என்று இந்தக் கோட்பாட்டை மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்த விவாதம் அறிஞர்களோடு இருக்கட்டும். கவலை வேறிடத்தில். பிரெஞ்சுக் கழகம் அந்த முடிவை எடுத்து 250 ஆண்டுகள் ஆகியும், தண்ணீரில் ஓடும் கார், தன் மின்சாரத்தில் தானே சுழலும் ஜெனரேட்டர் என்று காணொளிகள் சுற்றுகின்றன. பணம் போடவும் அழைக்கின்றன. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றலுக்கு மேல், திரும்ப எரிக்கும்போது ஒரு துளியும் கிடைக்காது. பதினோராம் வகுப்பில் வெப்ப இயக்கவியல் படித்தவர்கள்கூட இதில் ஏமாறுகிறார்கள். செயல்திறன் சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை எழுதத்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம். அப்படிப்பட்ட ஒரு காணொளியை வகுப்பில் ஓடவிட்டு, இது எந்த விதியை மீறுகிறது என்று ஆசிரியர் கேட்க வேண்டும். கேள்வித்தாளிலும் ஐந்து மதிப்பெண்ணுக்காவது அந்தக் கேள்வி இடம்பெற வேண்டும்.