நினைவகத்தின் அண்மையும் சேய்மையும்

புயலின் போக்கைக் கணித்தல் போன்ற பெருங்கணக்குகளை ஒரு கணிப்பொறி தனித்துச் செய்தல் அரிது. ஆதலின் பல கணிப்பொறிகளைப் பிணைத்துத் தொகுதியாக்கி, வேலையைப் பங்கிட்டு அளிப்பர். அவற்றுள் ஒன்று பிந்தினாலும் ஏனையவை காத்து நிற்கும். புயல் கரை கடந்தபின் விடை வந்து என்ன பயன்?

இத்தகைய பொறி ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இரண்டு செயலிகள் உண்டு. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆப்டெரான் போன்ற செயலிகள், நினைவகத்தை ஆளும் உறுப்பைத் தம்முள்ளேயே கொண்டன. அதனால் செயலிதோறும் தனக்கென ஒரு நினைவகம் அமைந்தது. அதனை எட்ட ஏறத்தாழ 100 நானோநொடி, அதாவது நொடியின் கோடியில் ஒரு பங்கு ஆகும். மற்றதன் நினைவகத்தை எட்டவோ அதனினும் ஒன்றரை மடங்கு, சிலபோது இருமடங்கு காலம் ஆகும். வீட்டுக் கிணற்றில் நீர் முகப்பதற்கும், அடுத்த தெருவிலிருந்து குடம் சுமந்து வருவதற்கும் உள்ள வேறுபாடு இது.

இதனால் நேரும் கோளாறு விந்தையானது. பொறியில் பழுதில்லை, விடையில் பிழையில்லை, விரைவு மட்டும் குன்றும். காரணம் யாது? லினக்சு இயக்க முறைமையில், ஒரு நினைவகத் துண்டை முதலில் தொடும் செயலியின் அருகிலேயே அதற்கு இடம் ஒதுக்கப்படுவது வழக்கம். தரவு முழுவதையும் தொடக்கத்தில் ஒரே செயலி நிரப்பிவிடின், அனைத்தும் ஒரு கிணற்றிலேயே தேங்கிவிடும்.

நியூமாஸ்டாட் என்னும் கருவி, எந்நினைவகத்தில் எவ்வளவு தரவு உள்ளது என்பதைக் காட்டும். ஒருபுறம் 60 கிகாபைட்டும் மறுபுறம் 4 கிகாபைட்டும் காணின், நோய் இன்னதென விளங்கும். ஒவ்வொரு வேலைப்பகுதியும் தன் பங்கைத் தானே நிரப்புமாறு நிரலைத் திருத்தி, அது செயலி விட்டுச் செயலி தாவாமல் பிணித்து வைத்தலே மருந்து. நிரலைத் திருத்த இயலாதாயின், தரவை இரு நினைவகங்களிலும் மாறிமாறிப் பரப்புவர். பாதித் தரவு அப்போதும் தொலைவிலேயே இருக்கும், எனினும் ஒரே கிணற்றில் நெரிசல் இராது.