தலைச்சுற்றல் காதிலிருந்தும் வரலாம்

யாரேனும் தலை சுற்றுகிறது என்றால், "பித்தம், இஞ்சிச் சாறு குடியுங்கள்" என்பது நம் வீட்டு வழக்கம். ஆலயத்தில் என்றால் விரதத்தின் மேல் பழி விழும். பசியாலும் இரத்த அழுத்தத்தாலும் தலை சுற்றுவதுண்டு. ஆயினும், சுற்றலோடு காது இரைச்சலும் சேர்ந்தால் காதைச் சோதிப்பது அவசியம்.

கேட்கும் உறுப்பும், உடலைச் சமநிலையில் வைக்கும் உறுப்பும் உட்காதில் ஒட்டியே அமைந்துள்ளன. இரண்டிலும் உள்ள ஒரு திரவம் அளவுக்கு மீறிப் பெருகுவதோடு தொடர்புடையது மெனியர் நோய். இத்தகைய சுற்றல் காதிலிருந்து வருகிறது என்று 1861ஆம் ஆண்டில் எடுத்துரைத்த பிரெஞ்சு மருத்துவர் புரோஸ்பர் மெனியரின் பெயரால் இது வழங்கப்படுகிறது.

இதன் அறிகுறிகள் நான்கு:

1. அறையே சுழல்வது போன்ற கிறுகிறுப்பு. 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கலாம், வாந்தியும் வரும்.
2. காதில் இரைச்சல்.
3. காது அடைத்தாற்போன்ற கனம்.
4. ஏறி இறங்கும் செவித்திறன்.

பெரும்பாலும் ஒரு காதையே இது பாதிக்கும். படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடிகள் சுற்றினால், அது வேறு வகை. மருத்துவர் செய்யும் எளிய தலை அசைவுகளால் பெரும்பாலும் சரியாகும்.

எனக்கு இடது காதில் இந்நோய் உண்டு. சுற்றல் வந்து போய்விடும். கேள்வித்திறனோ சிறிது சிறிதாகக் குறைந்து, திரும்பாமலே போகக்கூடும். தாழ்ந்த சுருதி ஒலிகளே முதலில் மங்கும். தவிலின் தொப்பி முழக்கம் எனக்கு வலது காதில்தான் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே, காது மூக்கு தொண்டை நிபுணரிடம் செவித்திறன் சோதனையைத் தாமதமின்றிச் செய்துகொள்ளுங்கள்.

முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆனால் கட்டுப்படுத்த வழியுண்டு. ஊறுகாய், கருவாடு, அப்பளம், சோயா சாஸ், பாக்கெட் மீ ஆகியவற்றின் உப்பைக் குறைக்க மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். காப்பியும் மதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மாத்திரை, ஊசி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை மருத்துவர் முடிவு செய்வார். சுற்றல் தொடங்கினால் உடனே உட்காருங்கள் அல்லது படுத்துவிடுங்கள். அந்நேரம் வண்டி ஓட்டாதீர்கள். இந்நோயுள்ளவர்கள் தோரணம் கட்ட ஏணி ஏறவும் வேண்டாம்.

வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, இரட்டைப் பார்வை இவற்றுள் ஒன்று சேர்ந்து வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். தாமதியாமல் 999ஐ அழையுங்கள்.

பிரகாரம் சுற்றுகையில் ஒருவர் தள்ளாடினால், குடித்திருக்கிறார் என்று ஒதுங்கிவிடாதீர்கள். கைத்தாங்கலாக அழைத்து ஒரு நாற்காலி கொடுங்கள். அவர் காதில் இரைச்சல் உண்டா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியே அவர் செவியைக் காக்க உதவலாம்.