கார்பன் பிரேம்: கிராமுக்குக் கொடுக்கும் விலை

இன்றைய ரோடு பைக்கின் கார்பன் பிரேம் தையல்கடை வேலையைப் போலத்தான் உருவாகிறது. எபாக்சி பிசினில் தோய்ந்த கார்பன் நார்த் தாள்களை அளவு பார்த்து வெட்டி, நூற்றுக்கணக்கான துண்டுகளாக அச்சுக்குள் அடுக்குகிறார்கள். உள்ளே ஒரு பையை ஊதி அழுத்தம் கொடுத்து, சூடேற்றி இறுகவைக்கிறார்கள். மிதிக்கும் விசை விழும் இடத்தில் தாள்கள் அதிகம். சீட்டுக்குப் பின்னால் சக்கரத்துக்கு இறங்கும் மெல்லிய கைகளில் குறைவு. நார் ஓடும் திசையை மாற்றியே ஓரிடத்தை விறைப்பாகவும் இன்னோரிடத்தைச் சற்று வளைந்துகொடுப்பதாகவும் அமைக்க முடிகிறது. கன சென்டிமீட்டருக்குக் கிராம் கணக்கில் எஃகின் அடர்த்தி ஏறத்தாழ 7.8, அலுமினியத்தின் அடர்த்தி 2.7, கார்பனும் எபாக்சியும் சேர்ந்த கலவையின் அடர்த்தி 1.6. நடுத்தரக் கார்பன் பிரேம் ஒரு கிலோவை ஒட்டி நிற்பதும் நல்ல அலுமினியப் பிரேம் அதைவிடச் சில நூறு கிராம் கூடுவதும் இதனால்தான்.

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது டி700, டி800, டி1000 என்ற எண்கள். இவை ஜப்பானின் டோரே நிறுவனம் தன் நார்களுக்கு வைத்த பெயர்கள். டி700 நாரின் விறைப்பு 230 கிகாபாஸ்கல், டி800 நாருக்கு 294. விறைப்பு மிகக் கூடிய நார்கள் அதிகம் நீளாமலே முறிந்துவிடும். அதனால் எந்தத் தயாரிப்பாளரும் முழுப் பிரேமையும் உயர்ந்த ரகத்தில் மட்டும் செய்வதில்லை; இடத்துக்கு இடம் கலக்கிறார்கள். எந்த நார் எங்கே, எத்தனை அடுக்கு, எந்தத் திசையில் என்பதுதான் தரம். அதை எந்த ஸ்டிக்கரும் சொல்லாது. நன்றாக அடுக்கிய டி700 பிரேம், அவசரமாக அடுக்கிய டி1000 பிரேமைவிட மேல்.

அடுத்த கவர்ச்சி எடை. சைக்கிளும் ஓட்டுபவரும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்று கொண்டால், பிரேமில் குறையும் 400 கிராம் அரை சதவீதம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை போன்ற ஏற்றத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் மிச்சமாவது ஏறக்குறைய 18 விநாடி. காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கோ திருமயத்துக்கோ போகும் சமதளச் சாலையில் அதுவும் இல்லை. அங்கே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பெரும்பங்கு உழைப்பைத் தின்பது காற்றின் எதிர்ப்பு. உலக சைக்கிள் சங்கமான யுசிஐ, போட்டி சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று 2000 முதல் வரம்பு வைத்திருக்கிறது. பந்தய வீரருக்கே ஓர் எல்லைக்குக் கீழே பயன்படாத எடைக்குறைப்புக்குச் செட்டிநாட்டுச் சமவெளியில் பணம் கொட்டுவது வீண்.

பணத்துக்கு ஈடு தருவது உடலுக்குப் பொருந்தும் அளவு. ஒரு நிறுவனத்தின் 54 இன்னொன்றின் 'மீடியம்' ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆகவே அளவுப் பெயரைவிட்டு, 'ஸ்டாக்', 'ரீச்' என்ற இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும். மிதிகட்டை அச்சின் மையத்திலிருந்து பிரேமின் முன்குழாயின் (ஹெட் டியூப்) மேல்முனை எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். எவ்வளவு முன்தள்ளி இருக்கிறது என்பது ரீச். ஸ்டாக் கூடினால் முதுகு நிமிரும். நாலைந்து மணி நேரம் ஓட்டுபவருக்கு, ஸ்டாக் கூடிய 'எண்டியூரன்ஸ்' வகையே உகந்தது. டயருக்கான இடமும் முக்கியம். ஓரம் பெயர்ந்து செம்மண் ஏறிய கிராமச் சாலைகளுக்கு 32 மில்லிமீட்டர் டயர் தாராளமாக நுழைய வேண்டும்.

மிதிகட்டை அச்சு உட்காரும் இடம், அதாவது பாட்டம் பிராக்கெட், பலர் கவனிக்காமல் விடுவது. அதில் இரண்டு வழி உண்டு. ஒன்றில் உலோக மரை. பேரிங் உள்ள கப்பைத் திருகி ஏற்றலாம். மற்றதில் மரையற்ற துளைக்குள் பேரிங்கை அழுத்திச் செருக வேண்டும். துளை துளி வட்டம் தப்பினாலும் மிதிக்கு மிதி கிறீச்சிடும். மலிவு பிரேம்களில் வட்டம் தப்புவது சாதாரணம். மரை உள்ள வகையில் பரவலானது பிஎஸ்ஏ அளவு: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, சங்கிலிப் பக்கத்துக் கப்புக்கு எதிர்மரை. பிஎஸ்ஏ என்பது இங்கிலாந்தின் பர்மிங்காம் நிறுவனம் ஒன்றின் பெயர்; அதே பெயரைத்தான் தமிழ்நாடு அம்பத்தூர் சைக்கிள்களில் பார்த்து வளர்ந்தது. அங்கே 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய முருகப்பா குடும்பம் காரைக்குடியை ஒட்டிய பள்ளத்தூரைச் சேர்ந்தது. அந்த நிறுவனத்தின் மான்ட்ரா வரிசையில் கார்பன் பிரேம் சைக்கிள்களும் வந்தன.

சீட் போஸ்ட் வட்டமாக, பொது அளவில் இருப்பது நல்லது. தனி வடிவம் என்றால், உடைந்த அன்று அந்த ஒரே நிறுவனத்தை நம்பிக் காத்திருக்க வேண்டும். பின்கியரைத் தாங்கும் ஹேங்கருக்கு உபரி ஒன்றை வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடலாம்.

கார்பன் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. கார்பன் மின்சாரம் கடத்தும். மின்வேதி வரிசையில் எளிதில் அரிபடாத உலோகங்களின் பக்கம் நிற்கும். அலுமினியம் அதன் எதிர்ப்பக்கம். இரண்டும் தொட்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அது ஒரு சிறு மின்கலம் ஆகிவிடும். கார்பனுக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகும். பொடி பருத்து இடைவெளியை அடைத்துவிட்டால் சீட் போஸ்டை உருவவே முடியாது. தொண்டிக் கடற்கரைப் பக்கம் ஓட்டினால் உப்புக்காற்று. காரைக்குடிக்குள்ளேயே ஓட்டினாலும் கோடையில் வழியும் வியர்வை போதும். 1986-ல் கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸை வென்ற காலத்தில் கார்பன் குழாய்களை அலுமினிய மூட்டுகளில் ஒட்டிப் பிரேம் செய்தார்கள். அந்தத் தலைமுறைப் பிரேம்கள் பலவற்றின் மூட்டுகளை இந்த அரிமானம் விட்டுவைக்கவில்லை. இன்று நடுவே கண்ணாடி நார் அடுக்கு வைத்துத் தடுக்கிறார்கள். தண்ணீர்ப் பாட்டில் திருகுகளைச் சுற்றியோ ஹேங்கர் அருகிலோ பெயின்ட் கொப்பளித்திருந்தால், தடுப்பு வேலை செய்யவில்லை என்று பொருள்.

இத்தகைய அரிமானத்தையும் ஆராயும் நிறுவனம் ஒன்று காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், 1953-ல் திறக்கப்பட்டது. உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தில் அதற்குக் கிளை உண்டு. இந்தியாவின் அரிமான வரைபடத்தைத் தயாரித்ததும் இந்த நிறுவனமே.

வாங்கும் வழிகளில், கிளைக்கடை உள்ள நிறுவனத்தின் முழு சைக்கிள்தான் பெரும்பாலும் கணக்குக்குச் சரிவரும். பிரேமைத் தனியாக வாங்கிப் பாகங்களைச் சேர்த்தால் மொத்தச் செலவு ஏறிவிடும். முழு சைக்கிளின் இறக்குமதி வரி 2023 பட்ஜெட்டில் 30-லிருந்து 35 சதவீதமானது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பெரிய நிறுவனங்கள் சில முதல் உரிமையாளருக்குப் பிரேமின் ஆயுள் வரை உத்தரவாதம் தருகின்றன. சீனாவிலிருந்து வரும் பெயரில்லாப் பிரேம்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஐஎஸ்ஓ 4210 சோதனைச் சான்றும், பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் விற்பனையாளரும் இருந்தால் யோசிக்கலாம். புகழ்பெற்ற பெயரைப் பூசிக்கொண்டு பாதி விலைக்கு வருவது போலி. அதன் அடுக்குக்கு யாரும் பொறுப்பில்லை.

செகண்ட் ஹேண்டில் உத்தரவாதம் பெரும்பாலும் கைமாறாது. ஆகவே சீட் போஸ்டையும் ஃபோர்க்கையும் கழற்றிக் காட்டச் சொல்லலாம். அடிபட்ட இடத்தை நாணயத்தால் தட்டினால் 'டொக்' என்று மந்தமாகக் கேட்கும். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று இருக்கும். பெயின்டின் கீறலா, நாரின் விரிசலா என்று சந்தேகம் எழுந்தால் அந்தப் பிரேமை விட்டுவிடுவதே சரி. மிஞ்சும் பணத்தில், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றும், சீட் போஸ்ட் வழுக்காமல் பிடிக்கவைக்கும் கார்பன் பேஸ்ட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். சீட் கிளாம்ப்பின் மேல் அச்சிட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவைத் தாண்டி இறுக்கினால், சாலையில் விழாமலே பிரேம் விரிசல் விடும்.