"எங்கம்மா என்ன தப்பா சாப்பிட்டாங்க?"

எட்டாம் வகுப்பில் உணவு பற்றிய பாடம். "சத்தான உணவு சாப்பிட்டால் புற்றுநோய் வராது" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். மணி அடித்ததும் ஒரு மாணவி என் மேசையருகே வந்து நின்றாள். "டீச்சர், அப்ப எங்கம்மா என்ன தப்பா சாப்பிட்டாங்க?" அவளுடைய அம்மா மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருவது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு தேடிப் படித்தேன். செல்லின் மரபணுக்களில் பிழைகள் சேர்ந்து, அது கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்றுநோய். வயது, மரபு, புகையிலை, மது, சில தொற்றுகள் எனக் காரணங்கள் பல. உணவுப் பழக்கம் அவற்றுள் ஒன்று. நல்ல உணவு நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். வரவே வராது என்று உறுதி தராது. என் வாக்கியத்தில் இருந்த பிழை இதுதான்.

வாய்ப்பைக் குறைக்க என்ன செய்யலாம்? நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழங்கள் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு இக்கணக்கில் சேராது. கீரை, அவரை, கொய்யா, பப்பாளி போதும். விலை உயர்ந்த பழங்கள் தேவையில்லை. கேழ்வரகு, கம்பு, பயறு வகைகளில் உள்ள நார்ச்சத்து பெருங்குடல் புற்றுநோயின் வாய்ப்பைக் குறைக்கிறது. இனிப்புக் குளிர்பானங்களும் எண்ணெய்ப் பண்டங்களும் அளவு மீறினால் உடல் பருமன் கூடும். பருமன் பலவகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது.

பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2015-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும். நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்பது இதன் பொருளன்று. ஏற்கெனவே உள்ள சிறிய வாய்ப்பு அந்த அளவுக்கு உயர்கிறது என்பதே பொருள். கணித ஆசிரியர்கள் இதை விழுக்காடு பாடத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் உருவாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். வறுத்தாலும் அது முழுமையாக நீங்காது. அத்தகைய கடலையை எறிந்துவிட வேண்டும். புகையிலை சேர்க்காத பாக்கும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. பாக்குப் பொட்டலம் தின்னும் மாணவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மறுநாள் அந்த மாணவியைத் தனியே அழைத்து, "உங்கம்மா எந்தத் தப்பும் செய்யலம்மா. டீச்சர் சொன்னதுதான் தப்பு" என்றேன். பிறகு வகுப்பில் "வராது" என்று சொன்னதைத் திருத்தி, "வாய்ப்பு குறையும்" என்று கரும்பலகையில் எழுதினேன்.

இப்போது மதிய உணவைப் பிள்ளைகளுடன் அமர்ந்து உண்கிறேன். தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படும் காய்கறி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவருகிறது. நான் ஒதுக்கிவந்த பாகற்காயும் அதில் அடக்கம்.

ஆசிரிய நண்பர்களே, உணவின் நன்மைகளை அவசியம் கற்பிப்போம். ஆனால், வீட்டில் நோயாளி உள்ள குழந்தை ஒன்று நம் வகுப்பிலும் அமர்ந்திருக்கலாம் என்பதை நினைவில் வைத்துச் சொற்களைத் தேர்வோம்.